சட்டம் தடுத்தது பிரம்பை, ஒழுங்கை அல்ல

"2009 கல்வி உரிமைச் சட்டம் ஆசிரியர்களின் கையைக் கட்டிவிட்டது, அவர்களுடைய சோர்வுக்கு அதுதான் காரணம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இது சரியல்ல. பிரிவு 17 தடுப்பது உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும். பிரிவு 16 எட்டாம் வகுப்பு முடியும்வரை பள்ளியைவிட்டு நீக்குவதைத் தடுக்கிறது. பெற்றோரை அழைக்க, இடம் மாற்றி உட்காரவைக்க, நடந்ததை எழுதிவைக்கத் தடையே இல்லை.

சிக்கல் வேறு இடத்தில். கணக்குப் பாடம் பிடிக்காமல் கத்துகிற பையனை வெளியே அனுப்பினால், அவன் கேட்டது கிடைத்துவிடுகிறது, நாளையும் கத்துவான். இரண்டு வாரம் மூன்று விஷயங்களைக் குறித்துப் பாருங்கள்: முன்னால் என்ன நடந்தது, என்ன செய்தான், பிறகு என்ன கிடைத்தது. பாடம்தான் காரணம் என்று தெரிந்தால் பத்துக் கணக்கை மூன்றாகக் குறையுங்கள், கத்துவதற்கு முன்பே உதவி கேட்கப் பழக்குங்கள். கவனத்துக்காகக் கத்துகிறான் என்றால், கண்டுகொள்ளாமல் விட்ட முதல் சில நாள்கள் சத்தம் கூடும். பலர் அங்கேதான் விட்டுக்கொடுக்கிறார்கள். அது இன்னும் உரக்கக் கத்தக் கற்றுக்கொடுக்கிறது.

இதை ஒரே ஆசிரியர் தலையில் கட்டுவதுதான் ஆளை முறிக்கிறது. பணிச்சோர்வை உலக சுகாதார நிறுவனம் நோயாக வகைப்படுத்தவில்லை; சரியாகக் கையாளப்படாத நீடித்த பணியிட அழுத்தத்தின் விளைவு என்கிறது. ஆகவே கேட்க வேண்டியது பிரம்பை அல்ல: வகுப்பு கைமீறும்போது ஐந்து நிமிடத்தில் வந்து நிற்க, பெயர் குறித்த இன்னொரு ஆசிரியரை.