தீர்மானம் போட்டவரே போய்ப் பார்க்கட்டும்

மாணவர்களே உறுப்பினர்களாக அமர்ந்து அவை நடத்திப் பார்க்கும் இளைஞர் பாராளுமன்றம் என்றதும் பலருக்குப் பேச்சுப்போட்டிதான் நினைவுக்கு வருகிறது. சபாநாயகர் நாற்காலி, கேள்வி நேரம், அமளி, வெளிநடப்பு, கடைசியில் கோப்பை. 1966-67இல் டெல்லிப் பள்ளிகளில் இதைத் தொடங்கியபோது, அவை நடைமுறையைப் பிள்ளைகளுக்குப் பழக்குவதே நோக்கம். அது வேண்டியதுதான். ஆனால் அதோடு நிறுத்தக்கூடாது. கை தூக்கி நிறைவேற்றிய தீர்மானத்தை, கை தூக்கியவர்களே செய்து பார்க்க வேண்டும் என்பது என் வாதம்.

நான் நடுவராக இருந்த ஓர் அமர்வில் முதியோரின் தனிமை பற்றி விவாதம். முதியோர் இல்லத்தில் வாரம் ஒருமுறை புத்தகம் வாசித்துக் காட்டுவது என்று தீர்மானம். எதிர்க்கட்சி வரிசையும் மேசையைத் தட்டியது. கொண்டுவந்த பெண்ணையே ஐந்து பேரோடு அனுப்பினோம். முதல் நாள் ஒரு பக்கம்கூட முடியவில்லை. "அது கிடக்கட்டும் கண்ணு, பேத்தி போட்டோ அனுப்பியிருக்காளாம், இந்தப் போன்ல எங்க இருக்குன்னு பாரு" என்றார் ஒரு பாட்டி. பக்கத்துக் கட்டில் பெரியவர் வங்கிக் கடிதம் ஒன்றைப் பிரிக்காமலே தலையணைக்கு அடியில் வைத்திருந்தார். எழுத்து கண்ணுக்குத் தெரியவில்லை என்று சொல்ல அவருக்குக் கூச்சம்.

அடுத்த அமர்வில் அந்தப் பெண்ணே தன் தீர்மானத்துக்குத் திருத்தம் கொண்டுவந்தாள். 'வாசித்துக் காட்டுவது' என்பதை அடித்துவிட்டு, 'அவர்கள் கேட்பதைச் செய்வது' என்று எழுதியிருந்தாள். இம்முறை யாரும் மேசையைத் தட்டவில்லை, கேள்விமேல் கேள்வி கேட்டார்கள். நான் பார்த்ததிலேயே உண்மையான கேள்வி நேரம் அதுதான். பல இடங்களில் விட்டுப்போவதும் இந்தத் திரும்பி வருதல்தான். ஒருநாள் சேவை, ஒரு குழுப்படம், அத்தோடு வேலையை முடித்துவிடுகிறார்கள்.

அரசாங்கம் செய்ய வேண்டியதைப் பிள்ளைகள் தலையில் கட்டுவதா என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி, எனக்கும் அந்தப் பயம் உண்டு. 1989இல் ஐ.நா. ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12ஆம் பிரிவு, தங்களைப் பாதிக்கும் விஷயங்களில் பிள்ளைகள் சொல்வதற்கு உரிய மதிப்புத் தரச் சொல்கிறது. சேவை செய்யவைத்து வாயை அடைத்தால் அந்த உரிமைக்கே துரோகம். ஆனால் போய்ப் பார்த்துவிட்டு வந்தவர்கள் கேட்கும் விதமே வேறு. அந்த ஆறு பேரும் 'முதியோர் நலன் காக்க ஆவன செய்க' என்று மனு எழுதவில்லை. ஒவ்வொரு கட்டிலாகப் போய் விசாரித்து, கண் பரிசோதனை செய்து இரண்டு வருடத்துக்கு மேலானவர்கள் 19 பேர் என்று கணக்கெடுத்தார்கள். அந்தப் பட்டியலை இணைத்து, பரிசோதனைக்கு ஒரு தேதி கேட்டு அதிகாரிக்கு எழுதினார்கள்.