தூவலூருக்கு வழி எது?

லீவு விட்டால் போதும், சென்னையிலிருந்து சித்தப்பா பையன் வந்து இறங்கிவிடுகிறான். என்னைப் பார்க்க என்று நினைத்தால் அது என் தப்பு. ‘தேவர் மகன்’ எடுத்த இடமெல்லாம் பார்க்க வேண்டுமாம்.

படம் 1992 தீபாவளிக்கு வந்தது. கதையில்தான் தூவலூர், எடுத்தது எங்கள் பொள்ளாச்சிப் பக்கம். சரி, போகலாம். ஆனால் இவன் கையில் இருக்கும் துப்பு என்ன? செல்போனில் நிறுத்தி எடுத்த மங்கலான ஒரு காட்சி. ஒரு வரப்பு, பின்னால் நாலு தென்னை. பொள்ளாச்சியில் தென்னையை அடையாளம் வைத்து இடம் தேடுகிறவனை என்ன செய்வது?

வண்டியும் என்னுடையது, பெட்ரோலும் என்னுடையது. வெயிலில் மூன்று மணி நேரம். தேங்காய் மஞ்சி (நார்) காயப்போட்டிருந்த களத்தில் ஒரு பெரியவரிடம் படத்தை நீட்டினான். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். “இங்க எடுக்காத படமாங் கண்ணு? இது எந்தத் தோப்புன்னு நான் என்னத்தக் கண்டேன்!”

“சாலையோரப் புளியமரமாவது காட்டுண்ணா” என்றான். கோவை ரோட்டில் குடை பிடித்து நின்ற மரங்கள் நாலுவழிச் சாலைக்குப் போய் வருஷக்கணக்காகிறது. அதற்கும் என்னைத்தான் முறைத்தான்!

கடைசியில் ஏதோ ஒரு வரப்பில் மீசையை முறுக்கி நின்றான். பதினேழு டேக். தோட்டத்து நாய் துரத்தியது மட்டும்தான் நிஜ சண்டைக்காட்சி, அதை எடுக்க விடவில்லை.

அடுத்த மாசம் கோபிப் பக்கம் கொடிவேரி அணையாம். வண்டி சர்வீஸில் இருக்கிறது என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.