கிட்ஃபோ என்றால் பச்சைக் கறி என்று யார் சொன்னது?

எத்தியோப்பிய உணவகங்களின் மெனுவில் கிட்ஃபோவுக்குப் பக்கத்தில் 'பச்சை மாட்டுக்கறி' என்று இரண்டே வார்த்தை எழுதிவிடுகிறார்கள். வீடியோ போடுகிறவர்களுக்கு அது போதும். முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒரு வாய், வியூஸ் வந்துவிடும். ஆனால் கிட்ஃபோ என்பது, பொடியாகக் கொத்திய மாட்டுக்கறியை மசாலா வெண்ணெயில் கலக்கும் ஒரு பக்குவத்தின் பெயர். வேகாத கறி என்ற பொருள் அந்தச் சொல்லில் இல்லை. அதன் வேர்ச்சொல்லுக்குப் பொடியாகக் கொத்துவது என்றுதான் பொருள். கிட்டத்தட்ட நம் கொத்துக்கறி. முழுக்க வேகவைத்துக் கொடுத்தாலும் அது கிட்ஃபோதான்.

பச்சைக் கறிக்கு எத்தியோப்பிய மொழியான அம்ஹாரிக்கில் வேறு சொல் இருக்கிறது: திரே சிகா. அடிஸ் அபாபாவின் கறிக்கடைகளில் தொங்கும் தொடையிலிருந்து வெட்டித் தட்டில் வைப்பதை குர்த் என்பார்கள். அவரவர் கத்தியால் அறுத்து, மித்மித்தா என்ற மிளகாய்ப் பொடியிலோ அவாஸே என்ற மிளகாய் விழுதிலோ தொட்டுச் சாப்பிடுவது அது. சதுரத் துண்டுகளாக்கி, உருக்கிய மசாலா வெண்ணெயில் பிரட்டினால் கொரெட் கொரெட். கிட்ஃபோ இந்த இரண்டும் இல்லை. அது எத்தியோப்பியாவின் குராகே இன மக்களின் சமையல், மெஸ்கெல் என்ற கிறிஸ்தவப் பண்டிகையின் முக்கியமான பண்டம். இன்று நாடு முழுக்கச் சாப்பிடுகிறார்கள். ஆர்டர் கொடுக்கும்போது எப்படி வேண்டும் என்று கேட்பார்கள். லெப் லெப் என்றால் வெதுவெதுப்பாகச் சூடுகாட்டியது. யெபெஸெலெ என்றால் வெந்தது. ஒன்றும் சொல்லாவிட்டால் பல இடங்களில் பச்சையாகவே வரும். குழப்பம் தொடங்குவது இங்கேதான்.

'எத்தியோப்பிய டார்டார்' என்று எழுதுவது இன்னும் மோசம். டார்டார் என்பது ஐரோப்பியர்களின் பச்சை மாட்டுக்கறிப் பண்டம், குளிர்ச்சியாகப் பரிமாறுவது. முட்டை மஞ்சள் கரு, கேப்பர் (ஊறவைத்த பூமொட்டு), வெங்காயம் என்று புளிப்பும் காரமுமாக ஓடும். கிட்ஃபோவின் உயிர் வெதுவெதுப்பான வெண்ணெயில் இருக்கிறது. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கறியில் அந்த வெண்ணெயை ஊற்றிப் பாருங்கள். நொடியில் உறைந்து, மெழுகு மாதிரி அண்ணத்தில் ஒட்டும். வெளிநாட்டில் கிட்ஃபோ சாப்பிட்டுப் பிடிக்கவில்லை என்கிறவர்களில் பலருக்குக் கிடைத்தது இந்த மெழுகாகத்தான் இருக்கும்.

கறி: கொழுப்பில்லாத தொடைக்கறி, முழுத் துண்டாக, அரைக் கிலோ. கொழுப்பு ஏன் கூடாது? மாட்டுக் கொழுப்பு வாய்ச் சூட்டில் உருகாது, வெண்ணெய் உருகும். அதனால் சவ்வு, நரம்பு, வெள்ளைக் கொழுப்பு எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும். சலிப்பான வேலை, ஆனால் பாதி ருசி இதில்தான். பிறகு இருபது நிமிடம் ஃப்ரீஸரில் வைத்து இறுக்கி, மெல்லிய தகடாக, நாராக, பொடியாக வெட்டி, கடைசியில் கனமான கத்தியால் கொத்த வேண்டும். இரண்டு மூன்று மில்லிமீட்டர் மணி போதும். மெஷினில் அரைத்தால் கறி சூடாகி நசுங்கிக் களியாகிவிடும்.

வெண்ணெய்: நித்தெர் கிப்பே. உப்பில்லாத வெண்ணெயை மிகச் சிறு தீயில் உருக்கி, கொரெரிமா (எத்தியோப்பிய ஏலம்), வெந்தயம், கொசெரெட் என்ற மூலிகை எல்லாம் போட்டு அரை மணி நேரத்துக்கு மேல் வைத்து வடிகட்டுவது. நாம் நெய் காய்ச்சும்போது அடியில் கசண்டு சிவந்து மணம் வரும்வரை விடுவோம். இங்கே அந்தப் பழக்கம் கெடுத்துவிடும். சிவந்த நெய்யின் வாசனை கறியை அமுக்கிவிடும். கொரெரிமாவுக்குப் பதில் பச்சை ஏலக்காயைத் தாராளமாகப் போட்டால் பாயச வாசனை வரும், அரை பங்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கொசெரெட் கிடைக்காவிட்டால் விட்டுவிடலாம்.

அரைக் கிலோவுக்கு 60 முதல் 80 கிராம் வெண்ணெய், இரண்டு டீஸ்பூன் மித்மித்தா. மித்மித்தாவில் ஊசிமிளகாய், கொரெரிமா இவற்றோடு பெரும்பாலும் உப்பும் இருக்கும், ருசி பார்த்துவிட்டு மேலே உப்பு போடுங்கள். வெண்ணெய் கை பொறுக்கும் சூட்டில், 40 டிகிரி அளவில் இருக்க வேண்டும். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் கறி அங்கங்கே சாம்பல் நிறமாகும். பரிமாறும் நேரத்தில்தான் கலக்க வேண்டும். முன்கூட்டியே உப்போடு பிசைந்து வைத்தால் தண்ணீர் விட்டு, பசை பிடித்து, சாஸேஜ் மாவு மாதிரி ஆகிவிடும். லெப் லெப் வேண்டுமென்றால் கலந்ததைச் சட்டியில் போட்டு, மேல் சிவப்பு மங்கும்வரை ஒன்றிரண்டு நிமிடம் கிளறினால் ஆயிற்று.

இனி ஆபத்து. 'காரம் கிருமியைக் கொன்றுவிடும்', 'கூடவே சாராயம் குடித்தால் ஒன்றும் ஆகாது' என்பதெல்லாம் வெறும் பேச்சு. இங்கே இரண்டு தனித்தனி ஆபத்துகள் இருக்கின்றன. முதலாவது மாட்டு நாடாப்புழு. அதன் கூடு தசைக்குள்ளேயே இருக்கும், மேலே எவ்வளவு கழுவினாலும் போகாது. எத்தியோப்பியாவில் இது பழைய, எல்லோருக்கும் தெரிந்த தொல்லை. கொஸ்ஸோ மரத்தின் பூவைப் புழு நீக்கும் மருந்தாகக் காலங்காலமாகக் குடித்துவந்தார்கள். கறியை மைனஸ் 10 டிகிரியில் இரண்டு வாரம் உறைய வைத்தால் அந்தப் புழு சாகும். இரண்டாவது ஈ.கோலி, சால்மோனெல்லா போன்ற பாக்டீரியா. இவை உறைய வைத்தாலும் சாகாது. முழுத் துண்டில் பெரும்பாலும் மேற்பரப்பில்தான் இருக்கும், அரைக்கும்போது உள்ளே முழுக்கக் கலந்துவிடும். அதனால் கடையில் அரைத்து வைத்த கறியில் பச்சைக் கிட்ஃபோ செய்யவே கூடாது. முழுத் துண்டின் மேல்பக்கத்தைச் சீவி எறிந்து, கத்தியையும் பலகையையும் கழுவிவிட்டு உள்கறியை மட்டும் கொத்தினால் ஆபத்து குறையும், இல்லாமல் போகாது. கர்ப்பிணிகள், குழந்தைகள், முதியவர்கள், நோய் எதிர்ப்பு குறைந்தவர்கள் வெந்ததையே சாப்பிடட்டும். கொத்திய கறிக்கு உள்சூடு 71 டிகிரி வர வேண்டும். லெப் லெப் அதன் பக்கத்தில்கூடப் போகாது.

வெந்த கிட்ஃபோ கேட்டால் கேலி செய்கிற 'உணவு ரசிகர்கள்' உண்டு. யெபெஸெலெ என்று ஒரு சொல்லை வைத்திருப்பவர்களே அதைச் சமைக்கிறவர்கள்தான்.

பக்கத்தில் என்ன வருகிறது என்றும் பாருங்கள். மோரைச் சூடுகாட்டித் திரித்து வடித்த அயிப் என்ற உப்பில்லாத பாலாடைக்கட்டி காரத்தை அடக்கும். கொமென் என்ற கீரையைப் பொடியாக நறுக்கி வைப்பார்கள். குராகே முறையில், புளித்த மாவில் சுடும் தோசை மாதிரியான இஞ்சேராவைவிட கொச்சோதான் பொருத்தம். வாழைக் குடும்பத்தைச் சேர்ந்த என்செட் மரத்தின் தண்டைச் சுரண்டி, குழியில் மாதக்கணக்கில் புளிக்கவிட்டுச் சுடும் ரொட்டி அது. தனியாகத் தின்றால் சப்பென்றும் புளிப்பாகவும் இருக்கும். வெண்ணெய் சொட்டும் கறியை அதில் அள்ளும்போது அந்தப் புளிப்பு வேலை செய்கிறது. மிஞ்சினால் எடுத்து வைக்காதீர்கள், அன்றைக்கே சட்டியில் போட்டு நன்றாக வறுத்துவிடுங்கள்.