ஸ்பார்டக்க ஏன் மக்கள் டீம்னு சொல்றாங்க

2018 வேர்ல்டு கப்ல அர்ஜென்டினா ஐஸ்லாந்து மேட்ச் ஞாபகம் இருக்கா, மெஸ்ஸியோட பெனால்டிய கோல்கீப்பர் தடுத்து 1-1ல முடிஞ்சுதே, அது நடந்தது மாஸ்கோல, ஸ்பார்டக் கிளப்போட சொந்த ஸ்டேடியத்துல. அன்னைக்கு எனக்கு மெஸ்ஸிய தவிர வேற எதுவும் கண்ணுல படல. அந்த ஸ்டேடியத்துல ஸ்டாரோஸ்டின்னு நாலு அண்ணன் தம்பிங்களுக்கு சிலை வச்சிருக்காங்கன்னு பின்னாடிதான் தெரிஞ்சுது, யாருடா இவங்கன்னு படிக்க ஆரம்பிச்சேன், இன்னும் விடல.

நெட்ல ஸ்பார்டக் பத்தி எங்க பாத்தாலும் ஒரே கதைதான், கம்யூனிஸ்ட் அரசாங்கத்த எதிர்த்து நின்ன புரட்சி டீம்னு. எனக்கு அதுல உடன்பாடு இல்ல. கேக்க நல்லாதான் இருக்கு, ஆனா நடந்தது அதவிட சிக்கலானது.

மொதல்ல சோவியத் கிளப்புங்க எப்படி இருந்துச்சுன்னு தெரியணும். டைனமோன்னா போலீஸ், உளவுத்துறை. சிஎஸ்கேஏன்னா ராணுவம். லோகோமோடிவ் ரயில்வே. டார்ப்பிடோ கார் கம்பெனி. ஒவ்வொண்ணுக்கும் பின்னாடி ஒரு துறை, ஒரு அதிகாரி. ஸ்பார்டக் 1922ல பிரெஸ்னியாங்கிற தொழிலாளர் ஏரியால வேற பேர்ல ஆரம்பிச்ச டீம். நடுவுல உணவுத் தொழிலாளர் சங்கம் அத நடத்துச்சு, அதனாலதான் எதிர் டீம் ஆளுங்க 'இறைச்சி'ன்னு கேலி பண்ணாங்க, கடைசில ஸ்பார்டக் ரசிகர்களே அத தங்களோட கோஷமா எடுத்துக்கிட்டாங்க, இன்னைக்கும் கேலரில நாங்க யாரு, இறைச்சின்னு கத்துவாங்க. 1935ல அந்த நாலு பேர்ல ஒருத்தரான நிகோலாய் ஸ்டாரோஸ்டின் கைத்தொழில் கூட்டுறவு சங்கங்களோட காச வச்சு, ரோமாபுரில கிளர்ச்சி பண்ண அடிமை வீரன் பேர எடுத்து ஸ்பார்டக்னு வச்சாரு. தையல்காரங்க, முடி வெட்றவங்க மாதிரி ஆளுங்களோட சங்கங்கள்தான் பின்னாடி, அதனால போலீஸ் டீம் பிடிக்காதவன், ராணுவ டீம் பிடிக்காதவன் எல்லாம் இந்தப் பக்கம் வந்து நின்னான். மக்கள் டீம்ங்கிற பேர் ஒட்டிக்கிட்டது இப்படித்தான்.

ஆனா ஸ்டாரோஸ்டினும் சும்மா ஆள் இல்ல. கம்யூனிஸ்ட் இளைஞர் அமைப்பான கோம்சமோலோட தலைவர் கோசரேவ்தான் அவருக்கு பெரிய துணை. 1936ல செஞ்சதுக்கத்துல பெரிய கம்பளம் விரிச்சு அதுமேல ஸ்டாலின் முன்னாடி ஸ்பார்டக் ரெண்டு டீமா பிரிஞ்சு ஒரு காட்சி மேட்ச் ஆடுனாங்க, ஸ்டாலினுக்கு போரடிச்சா கோசரேவ் கைக்குட்டைய ஆட்டுவாரு, உடனே நிறுத்திடணும்னு ஏற்பாடு. ஆட்டவே இல்ல, முக்கா மணி நேரம் போச்சு. சொல்லுங்க, இது எதிர்த்து நின்ன டீமா? அதிகாரத்துல இருக்கறவங்க யாருன்னு தெரிஞ்சு பழகுன டீம். 1939ல அதே கோசரேவ சுட்டுக் கொன்னாங்க, ஸ்டாரோஸ்டினுக்கு இருந்த குடையும் போச்சு.

அந்த வருஷமே நடந்தது இன்னொண்ணு. சோவியத் கப் செமி ஃபைனல்ல ஸ்பார்டக் 1-0ன்னு டைனமோ திபிலிசிய ஜெயிச்சுது. ஃபைனல்ல லெனின்கிராட் டீம 3-1ன்னு அடிச்சு கப்ப தூக்கியாச்சு. அப்புறம் மேலிடத்து உத்தரவு வருது, செமி ஃபைனல மறுபடி ஆடுங்கன்னு. ஃபைனல் முடிஞ்சப்புறம் செமி ஃபைனல்! உளவுத்துறை தலைவரா இருந்தது பெரியா, ஜார்ஜியாக்காரர், திபிலிசி அவரோட டீம். மறுபடி ஆடுனாங்க, ஸ்பார்டக் 3-2ன்னு மறுபடி ஜெயிச்சுது.

1942ல ஸ்டாரோஸ்டின் அண்ணன் தம்பி நாலு பேரையும் கைது பண்ணி உளவுத்துறை தலைமையகமான லூபியங்காவுக்கு கொண்டு போனாங்க, ஆளுக்கு 10 வருஷம் முகாம் தண்டனை. ஸ்டாலின கொல்ல சதின்னு தொடங்கின விசாரணை கடைசில சோவியத் எதிர்ப்புப் பேச்சு அது இதுன்னு முடிஞ்சுது. அப்புறம்தான் எனக்கு இந்தக் கதைலயே ரொம்ப பிடிச்ச பகுதி. நிகோலாய எந்த முகாமுக்கு அனுப்புனாலும் அங்க இருக்கற அதிகாரிக்கு அவர் வேணும், தன்னோட டீமுக்கு கோச்சா. உக்தால, அப்புறம் கபரோவ்ஸ்க்ல. அவர் பயிற்சி குடுத்த டீமுங்களோட பேரே டைனமோதான், அவர பிடிச்சுப் போட்ட துறையோட டீம்! 1948ல ஸ்டாலினோட மகன் வசீலி, தன் விமானப்படை டீமுக்காக அவர மாஸ்கோவுக்கு வரவச்சாரு, பெரியா ஆளுங்க தூக்கிடுவாங்கன்னு தன் வீட்லயே தங்க வச்சாரு, ஒரே கட்டில்ல படுத்தோம், தலகாணிக்கு கீழ துப்பாக்கி இருக்கும்னு நிகோலாயே பின்னாடி எழுதியிருக்காரு. அவராலயும் காப்பாத்த முடியல, திரும்பவும் நாடுகடத்துனாங்க, கஜகஸ்தான்ல இருக்கற அல்மா ஆட்டா வரைக்கும் போனாரு. ஸ்டாலின் செத்தப்புறம்தான் விடுதலை. 1955ல திரும்ப ஸ்பார்டக் தலைவர், நடுவுல கொஞ்ச வருஷம் தவிர 1996ல சாகற வரைக்கும் அந்த கிளப்போடயே இருந்தாரு. நான் அவர மதிக்கறது இதுக்குத்தான், புரட்சிக்காரர்ங்கிறதுக்காக இல்ல.

1976ல ஸ்பார்டக் கீழ் டிவிஷனுக்கு இறங்குச்சு. காப்பாத்த வந்த கோச் கான்ஸ்டான்டின் பெஸ்கோவ், பழைய டைனமோ ஆளு, மூணே வருஷத்துல 1979ல சாம்பியன்.

இதுவரைக்கும் எழுதறது ஈஸி. 1982 அக்டோபர் 20க்கு வந்தா கை நிக்குது.

மாஸ்கோ லுஷ்னிகி ஸ்டேடியம், ஐரோப்பிய கிளப்புங்களோட யூஃபா கப், எதிர்ல நெதர்லாந்தோட ஹார்லெம் டீம். கடும் குளிர், பனி, கூட்டம் கம்மி, அதனால எல்லா கேலரியும் திறக்கல, வந்தவங்கள்ல முக்காவாசிப் பேர் ஒரு பக்கத்துலயே அடைசலா இருந்தாங்க. ஸ்பார்டக் 1-0ல லீடிங், மேட்ச் முடியப் போகுதுன்னு பசங்க படில இறங்க ஆரம்பிச்சுட்டாங்க. கடைசி நிமிஷத்துல செர்கேய் ஷ்வெட்சோவ் ரெண்டாவது கோல் போடறாரு. படி உறைஞ்சு வழுக்குது, யாரோ விழறாங்க, மேல இருந்து கூட்டம் தள்ளுது, கம்பி வளையுது. 66 பேர் செத்தாங்கன்னு அரசாங்கக் கணக்கு, அதுல நிறைய பேர் பள்ளிக்கூட வயசுப் பசங்க. அந்த கோல நான் போடாமலே இருந்திருக்கலாம்னு ஷ்வெட்சோவ் பின்னாடி வருத்தப்பட்டாரு. அவர் மேல ஒரு தப்பும் இல்ல.

மறுநாள் மாஸ்கோ சாயங்காலப் பேப்பர் ஒண்ணுல சின்னதா ரெண்டு மூணு வரி, ஸ்டேடியத்துல விபத்து, சிலருக்கு காயம்னு. அவ்ளோதான். நாட்டுக்கு உண்மை தெரிய 1989 ஆச்சு. ஏழு வருஷம் அந்த அப்பா அம்மாங்க வாய மூடிட்டு இருந்தாங்க. பெரியா பண்ணத மன்னிக்க முடியாதுன்னா இதையும் மன்னிக்க முடியாது, ஆனா பெரியா கதைய சொல்ற அளவு சத்தமா யாரும் இத சொல்றதில்ல, அதுல வீரம் இருக்கு, இதுல வெறும் துக்கம்தான் இருக்கு.

90கள் பத்தி எல்லாருக்கும் தெரியும், கோச் ரோமன்ட்செவ் காலம், ரஷ்ய லீக்கோட மொத 10 வருஷத்துல 9 தடவ சாம்பியன், 1995 சாம்பியன்ஸ் லீக் குரூப்ல ஆறுக்கு ஆறு ஜெயம். அந்த கப்புங்கள விட எனக்கு ஃபியோதர் செரென்கோவ் முக்கியம். ஒல்லியா, அமைதியா ஒரு மிட்ஃபீல்டர், 1983லயும் 1989லயும் சோவியத்தோட சிறந்த வீரர், ஆனா ஒரு வேர்ல்டு கப்புக்கு கூட அவர கூட்டிட்டுப் போகல, மனசு சம்பந்தப்பட்ட நோயோட பல வருஷம் போராடுனவர். ஸ்பார்டக்குக்குன்னு சொந்த ஸ்டேடியம் 2014 செப்டம்பர்ல திறந்துச்சு, அடுத்த மாசமே 55 வயசுல போயிட்டாரு. அவர் மேல வேற டீம் ரசிகர்களுக்கும் அப்படி ஒரு பாசம். மக்கள் டீம்னா என்னன்னு யாராச்சும் கேட்டா நான் செரென்கோவ காட்டுவேன்.

இப்ப கிளப் லூக்கோயில் எண்ணெய் கம்பெனி கைல, ஸ்டேடியத்துக்கும் அதே பேர். 2022ல உக்ரைன் போருக்கப்புறம் ரஷ்ய கிளப்புங்கள ஐரோப்பால தடை பண்ணதுல யூரோபா லீக்ல இருந்தும் வெளிய. தடை சரின்னுதான் நான் நினைக்கறேன். கிளப் என்னைக்குமே மக்கள் கைல இருந்ததில்ல, சங்கம், கட்சி, இப்ப கம்பெனி. மக்கள் கிட்ட இருந்தது அந்த கேலரி மட்டும்தான், 66 பேர் போனதும் அங்கிருந்துதான்.

2007ல 25வது நினைவு நாளுக்கு ரெண்டு டீமோட பழைய வீரர்களும் அதே லுஷ்னிகில மறுபடி ஆடுனாங்க. 2010ல ஹார்லெம் கடன்ல மூழ்கி திவாலாயிடுச்சு. அந்த ராத்திரிய ஞாபகம் வச்சிக்க இப்ப ஸ்பார்டக் மட்டும்தான் இருக்கு.