வேகம் அல்ல, இழப்புத்தான் காரணம்

மீடிறன் (செக்கனுக்கு எத்தனை அதிர்வு என்பது) குறைந்த, அதாவது தாழ்ந்த, ஒலி ஏன் அதிக தூரம் கேட்கிறது என்ற உங்கள் கட்டுரை நன்றாக இருக்கிறது. ஆனால் "மீடிறன் குறைந்த ஒலி வேகமாகப் போவதால் அதிக தூரம் போகிறது" என்ற வரி பிழை. காற்றில் எல்லா ஒலிக்கும் வேகம் ஏறத்தாழ ஒன்றுதான்: 20 பாகை செல்சியசில் செக்கனுக்கு 343 மீற்றர். இல்லாவிட்டால் கோயிலுக்குத் தூரத்தில் நின்று கேட்பவருக்கு நாதஸ்வரம் ஒரு பக்கம், தவில் ஒரு பக்கம் போய்விடுமே!

வித்தியாசம் இழப்பில். அதே வெப்பநிலையில், 70 வீத ஈரப்பதனில், 125 ஹேர்ட்ஸ் (செக்கனுக்கு 125 அதிர்வு) ஒலியில் காற்று கிலோமீற்றருக்கு 0.3 டெசிபெல் (ஒலிமட்டத்தின் அலகு) அளவே தின்கிறது. 8000 ஹேர்ட்ஸில் சுமார் 77.

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் மாடி வீட்டிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி ஒரு கல்யாண மண்டபம். இரவில் என்ன பாட்டு என்றே விளங்காது, 'டும் டும்' மட்டும் வந்து யன்னல் கண்ணாடியை நடுங்க வைக்கும். இவ்வளவு கிட்டத்தில் காற்றைக் குறை சொல்லவும் முடியாது, சரி. ஆனால் 'டும் டும்' போன்ற 60 ஹேர்ட்ஸ் அலையின் நீளம் கிட்டத்தட்ட 5.7 மீற்றர், கட்டடத்தைச் சுற்றி வளைந்தும் வரும், சுவருக்குள்ளாலும் வரும். பாடகரின் 'ச', 'ஸ' எல்லாம் மதிலோடு நின்றுவிடும். யன்னலைச் சாத்திப் பார்த்தேன், இன்னும் மோசம். மிச்சமிருந்த பாட்டும் போய் டும் டும் மட்டுமே!