லண்டன் பீர் வெள்ளத்தில் யாரும் குடித்துச் சாகவில்லை

1814 அக்டோபர் 17 அன்று லண்டனில் பீர் ஆலைத் தொட்டி வெடித்தபோது மக்கள் சட்டிபானையோடு ஓடி வந்து தெருவில் ஓடிய பீரை அள்ளிக் குடித்ததாகவும், குடித்தே ஒருவர் இறந்ததாகவும் ஒரு செய்தி சுற்றி வருகிறது. தவறு. அன்றைய நாளிதழ்களில் அப்படி எதுவும் இல்லை. இடிபாடுகளில் சிக்கியவர்களின் குரல் கேட்க மக்கள் அமைதி காத்தார்கள் என்றே இருக்கிறது.

மியூக்ஸ் ஆலையின் கிடங்கு எழுத்தர் ஜார்ஜ் கிரிக் விசாரணையில் சொன்ன சாட்சியம்தான் நாம் படிக்க வேண்டியது. மாலை நாலரை மணியளவில், 22 அடி உயரத் தொட்டியைச் சுற்றியிருந்த இரும்பு வளையம் ஒன்று, ஏறத்தாழ 318 கிலோ எடை கொண்டது, நழுவிக் கிடந்ததை அவர் கண்டார். ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை நடப்பதுதான். ஆபத்தில்லை என்றார் மேலதிகாரி. சரிசெய்யச் சொல்லி எழுதிய கடிதம் கையில் இருக்க, முப்பதடி தொலைவில் அவர் நின்றிருந்தபோதே தொட்டி வெடித்தது.

இறந்தவர்கள் எட்டுப் பேர். அத்தனை பேரும் பெண்களும் குழந்தைகளும். அவர்களில் ஐவர், இறந்துபோன இரண்டு வயது ஐரிஷ் குழந்தைக்காக நிலவறையில் துக்கம் காத்திருந்தவர்கள். இந்த ஏழைகளைக் குடிகாரர்களாக்கிப் பரப்புவது பெரும் அநியாயம்.