ஓசி இல்லைங்க

ஒரு தனியார் பள்ளிக்கூடத்துக்காரர், ஆர்டிஇ-ல (கல்வி உரிமைச் சட்டத்துல) இலவசமா சேர்ந்த பிள்ளைகளோட பெத்தவங்களைப் பத்திப் பேசின ஆடியோவை நீங்களும் கேட்டிருப்பீங்க. "ஓசியில படிக்கிற பிள்ளைகளைப் பெத்தவங்க கேள்வி வேற கேக்கறாங்க." பேசினவர் பேரையோ பள்ளிக்கூடத்து பேரையோ நான் எழுதப் போறதில்லை. ஆனா ரெண்டு நாளா கம்பெனியில ஓவர்லாக் தையல் மெஷின்ல உக்காந்தாலும் அந்த 'ஓசி'தான் காதுல கேக்குது.

ஓசி இல்லைங்க. ஆர்டிஇ-ல சேர்ந்த பிள்ளைக்கு அரசாங்கம் பணம் கட்டுது. 2009-ம் வருஷச் சட்டம், 12-வது பிரிவு. அரசு ஒரு பிள்ளைக்குச் செலவழிக்கிற தொகை, இல்லைன்னா அந்தப் பள்ளி வாங்குற கட்டணம், ரெண்டுல எது குறைச்சலோ அதைப் பள்ளிக்குத் தரணும். அது யார் காசு? நான் போனுக்கு ரீசார்ஜ் பண்ணினா அதுல 18 சதவீதம் ஜிஎஸ்டி போகுது. கார்ல வர்றவங்களுக்கும் அதே 18தான். எங்க காசும் அதுல இருக்குது.

2019-ல என் பொண்ணுக்கு விண்ணப்பம் போட்டோம். ஆண்டு வருமானம் 2 லட்சத்துக்குள்ளன்னு சான்றிதழ் வாங்க மூணு ஷிப்ட் போச்சு. வீட்டுல இருந்து ஒரு கிலோமீட்டருக்குள்ள பள்ளி இருக்கணும். குலுக்கல்ல அவ பேரைப் படிச்சப்ப எங்க வீட்டுக்காரர் கண்ணைத் துடைச்சுக்கிட்டார். அடுத்த மாசமே புத்தகம், நோட்டு, 'இதர'ன்னு ஒரு தொகையைத் துண்டுச்சீட்டுல எழுதிக் கொடுத்தாங்க. ரசீது கேட்டேன், இல்லைன்னாங்க. அந்த 'இதர' என்னன்னு இன்னிக்கு வரைக்கும் யாரும் சொல்லலை. கம்மலை அடகு வெச்சுத்தான் கட்டினோம். புத்தகம், சீருடைச் செலவும் அரசோட பொறுப்புதான்னு 2023-ல சென்னை உயர் நீதிமன்றம் சொல்லுச்சு. அதுக்கப்புறமும் எங்களுக்குத் துண்டுச்சீட்டு வந்துச்சு.

"அரசாங்கம் பணத்தை லேட்டாத்தானே தருது, பள்ளி என்ன பண்ணும்?"னு கேப்பீங்க. உண்மைதான். சின்னப் பள்ளிக்கூடங்க டீச்சருக்குச் சம்பளம் போடத் திணறுதுங்க, அதை நான் மறுக்கலை. பிஎம் ஸ்ரீங்கிற மத்திய அரசோட பள்ளித் திட்டத்துல தமிழ்நாடு சேர மாட்டேன்னு சொன்ன சண்டையில மத்திய அரசு நிதியை நிறுத்தி வெச்சு, 2025-ல ஆர்டிஇ சேர்க்கையே அக்டோபர் வரைக்கும் தள்ளிப்போச்சு. எங்க அண்ணன் பையன் அந்த வருஷந்தான் எல்கேஜி. வட்டிக்கு வாங்கித்தான் ஃபீஸ் கட்டினாங்க. டெல்லியும் சென்னையும் சண்டை போட்டா போடட்டும், அதுக்கு நாலு வயசுப் பையன் என்ன பண்ணுவான்? பணம் வரலைன்னா தர வேண்டியவங்ககிட்டப் போய்க் கேளுங்க. வகுப்புல பிள்ளையை எழுப்பி நிக்க வெச்சு ஏங்க கேக்கறீங்க?

"அவ்வளவு ரோசம் இருந்தா அரசுப் பள்ளியில சேர்த்திருக்கலாமே"ன்னு நேத்து ஒருத்தர் கமெண்ட் போட்டார். நான் அரசுப் பள்ளியில படிச்சவதாங்க. இந்தப் பதிவை எழுதுற தமிழ் அங்க வாங்கினது. எங்க தெருப் பள்ளியில அந்த வருஷம் அஞ்சு வகுப்புக்கு ரெண்டே டீச்சர், அதனாலதான் பயந்தேன். தனியாருக்குப் போற இந்தப் பணம் அங்கேயே போயிருந்தா நான் எதுக்குக் குலுக்கல்ல நிக்கறேன்னு ராத்திரி படுத்தா தோணும். அப்படி நினைச்சா என் பொண்ணுக்குக் கிடைச்சதை நானே குறை சொல்றாப்ல ஆகுது. அழுகையா வருது.

எனக்கு அவங்க மன்னிப்பெல்லாம் வேண்டாம். கணக்கு வேணும். ரேஷன் கடையில அரிசி எவ்வளவு இருப்புன்னு பலகையில எழுதிப் போடறாங்க. கிராம சபையில வரவு செலவு படிக்கறாங்க. ஆர்டிஇ-ல எத்தனை பிள்ளை, அரசு எவ்வளவு தந்துச்சு, எந்தத் தேதியில வந்துச்சு, பெத்தவங்ககிட்ட எதுக்கு எவ்வளவு வாங்கினீங்க, இதைப் பள்ளி வாசல்ல ஒரு பலகையில எழுதிப் போடுங்க. அரசு பாக்கி வெச்சிருந்தா அதையும் எழுதுங்க. நாங்களும் உங்களோட வந்து கேக்கறோம்.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்துல மனு கொடுக்கறேன். துண்டுச்சீட்டு பத்திரமா வெச்சிருக்கறவங்க ஜெராக்ஸ் எடுத்துட்டு வாங்க. நான் கம்பெனியில ஒரு ஷிப்ட் லீவு சொல்லிட்டேன்.